ஜெர்மன்ல "எங்க அம்மா", "அவரோட தங்கச்சி"னு சரியா சொல்றது எப்படி? தலையையும் வாலையும் பிடிங்க

ஜெர்மனிக்குப் புதுசா வர்ற நம்ம ஆளுங்க மொதமொதல்ல வாயைத் திறந்து பேசுற விஷயம் குடும்பம்தாங்க. மாடிப்படியில எதிர்ல வர்ற பக்கத்து வீட்டு அம்மா, பிள்ளையை விடுற கின்டர்கார்டன், கிளினிக் ரிசப்ஷன், மொழி கிளாஸ், எங்க போனாலும் "இவங்க உங்களுக்கு யாரு"ங்குற கேள்வி வந்துரும். அப்ப "என்னோட", "உங்களோட", "அவரோட"ங்குற இந்த சின்னச் சின்ன வார்த்தைங்கதான் காலை வாரும். அம்மா, அப்பான்னு சொந்தப் பேரெல்லாம் ஒரே நாள்ல மனப்பாடம் ஆயிடும், முன்னாடி ஒட்டுற இந்த வார்த்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் வேற வேற வேஷத்துல வந்து நிக்கும்.

நான் வந்த மொத வருஷம் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் பொண்ணைக் கூப்பிட நான் போக முடியாத நிலைமை, இவர்தான் போகணும், அதைக் காலையிலேயே கின்டர்கார்டன்ல சொல்லிடணும். மனசுக்குள்ள "இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வருவார்"னு ஓடுது, அதை அப்படியே ஜெர்மனாக்கி "ஹொய்டெ கொம்ட் உன்ஸர் மான்"னு சொன்னேன். அந்த டீச்சரம்மா என் பக்கத்துல வேற யாராச்சும் நிக்கிறாங்களான்னு ஒரு பார்வை பார்த்துட்டு, அப்புறம் மெதுவா "ஈர் மான்?"னு கேட்டாங்க, அதாவது "உங்க வீட்டுக்காரரா?"ன்னு. நான் சொன்னதுல இலக்கணத் தப்பு ஒண்ணுமே கிடையாது, ஆனா அவங்க காதுல அது "எங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரு புருஷன்"னு விழுந்திருக்கு. நான் சொல்லியிருக்க வேண்டியது "மைன் மான்".

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது, இலக்கண டேபிளை மனப்பாடம் பண்றது மட்டும் நமக்கு உதவாது, நம்ம தமிழ் பழக்கம் எங்க உதவுது, எங்க இழுத்துக் கீழ தள்ளுதுன்னு தெரிஞ்சாத்தான் இது நாக்குல நிக்கும். அதுக்கப்புறம் புதுசா வர்ற நெறைய பேருக்கு ஞாயித்துக்கிழமைல உக்காந்து இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன், அந்த வரிசையிலேயே இங்கயும் எழுதுறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உச்சரிப்பு பத்தி ஒரே ஒரு விஷயம். ஜெர்மன் வார்த்தையைத் தமிழ் எழுத்துல எழுதினா நூத்துக்கு நூறு வராது. "மைனெ"ன்னு நான் எழுதுற இடத்துல கடைசி எ-வை ரொம்ப லேசா, வாயை முழுசாத் திறக்காம விட்டுடணும். "ஸைன்"ல வர்ற ஸ, "சைன்" மாதிரி இல்லாம தேனீ ரீங்காரம் போடுற மாதிரி அதிரணும். மிச்சத்தை ஜெர்மன்காரங்க பேசுறதைக் கேட்டு சரி பண்ணிக்கலாம்.

மொதல்ல தலை: யாரோடது?

இந்த வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலை இருக்கு, ஒரு வால் இருக்கு. சில நேரம் வால் இருக்காது, ஆனா தலை எப்பவும் இருக்கும். தலையை முடிவு பண்ற கேள்வி "யாரோடது?" அவ்வளவுதான். இது நமக்கு ஏற்கெனவே பழக்கமான கேள்வி, தமிழ்லயும் என்னோட, உன்னோட, அவனோட, அவளோடன்னு ஆளுக்கு ஆள் மாறுதே.

என்னோடன்னா மைன். உன்னோடன்னா டைன். அவனோட, அல்லது ஆம்பளை "அவரோட"ன்னா ஸைன். அவளோடன்னா ஈர். நம்மளோட, எங்களோட ரெண்டுக்குமே உன்ஸர். நீங்க எல்லாரும்னு நெருக்கமானவங்க பல பேர்கிட்ட பேசினா ஒயர். அவங்க எல்லாரோடன்னா திரும்பவும் ஈர். மரியாதையா "உங்களோட"ன்னா அதுவும் ஈர்தான், எழுதும்போது மட்டும் மொத எழுத்தைப் பெரிய எழுத்தாப் போடணும்.

இதுல ஒரு அழகு பாருங்க. ஜெர்மன்ல "ஒரு"ங்குறதுக்கு ஐன். அந்த ஐன் முன்னாடி ஒரு மெய்யெழுத்தை ஒட்டினா மைன், டைன், ஸைன் வந்துருது, "இல்ல"ங்குற கைன் கூட அதே ஜாதிதான். தமிழ் எழுத்துல எழுதினா ஐகாரக் கொம்பு நாலுலயும் வரிசையா நிக்கும். இது வெறும் பார்வைப் பொருத்தம் கிடையாது, ஐன் எப்படி எப்படியெல்லாம் வால் முளைக்குதோ அதே மாதிரிதான் இந்தக் கூட்டம் மொத்தமும் முளைக்கும், ஈர், உன்ஸர், ஒயர் உட்பட. அதனால ஐன், ஐனெ, ஐனென் ஏற்கெனவே தெரிஞ்சவங்க பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இந்த ஈர் மூணு வேலை பார்க்குதேன்னு புதுசா படிக்கிறவங்க பயப்படுவாங்க. ஆனா தமிழ்ல "அவங்க"ன்னா? ஒரு பெரிய அம்மாவை மரியாதையா சொன்னாலும் அவங்கதான், பத்து பேரைச் சொன்னாலும் அவங்கதான். "அவங்களோட பையன்"னு கேட்டா ஒரு அம்மாவோட பையனா, ஒரு ஜோடியோட பையனான்னு முன்னாடி பேசின பேச்சை வச்சுத்தான் நாம புரிஞ்சுக்கிறோம். ஈர் ஸோன் அதே கதைதான். காதால கேக்கும்போது "உங்க பையன்"ங்குற அர்த்தமும் கூட சேர்ந்துக்கும், உங்க முகத்தைப் பார்த்து கேக்குறாங்களா, வேற ஒருத்தரைப் பத்திப் பேசிட்டு இருக்காங்களான்னு பார்த்தா தெரிஞ்சுரும்.

"எங்க" வீட்டு ஆபத்து

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா நிக்கணும், ஏன்னா தமிழ் பேசுறவங்க சகஜமா பண்ற தப்பு இது, எந்த ஜெர்மன் பாடப் புத்தகத்துலயும் எச்சரிக்கை போட்டு நான் பார்க்கல.

நாம "என் அம்மா"ன்னு பேச்சுல அதிகமா சொல்றதே இல்ல. எங்க அம்மா, எங்க அப்பா, எங்க அண்ணன், எங்க வீட்டுக்காரர். ஈழத்துல இருந்து வந்தவங்க எங்கட அம்மாம்பாங்க. ஒத்தைப் பிள்ளையா பொறந்தவங்க கூட எங்க அம்மான்னுதான் சொல்லுவாங்க. அது பாசமும் பணிவும் கலந்த பழக்கம், "என்"னுன்னா கொஞ்சம் தனக்கு மட்டும்னு பிடிச்சு வைக்கிற மாதிரி நம்ம காதுக்குப் படும். ஜெர்மன் காதுக்கு அப்படிப் படாது. அங்க ஒருத்தரா நின்னு பேசினா மைனெ முட்டர், மைன் ஃபாட்டர், மைன் மான், அதுல குளிர்ச்சியோ தற்பெருமையோ எதுவும் கிடையாது.

அப்ப உன்ஸர் எப்ப? உண்மையிலேயே பங்கு இருக்கும்போது. ஹாம் நகரத்துல இருக்குற காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒரு வருஷம் போயிருந்தேன், கூட்டத்துல ரெண்டு அண்ணன் தம்பி, எட்டு பத்து வயசு இருக்கும், ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து "வோ இஸ்ட் உன்ஸரெ ஓமா?"ன்னு பதறிக் கேட்டான், நம்ம பாட்டி எங்கன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டி, அதனால உன்ஸரெ. அதே பையன் பக்கத்துல நின்ன என்கிட்ட திரும்பிக் கேட்டிருந்தா மைனெ ஓமான்னுதான் கேட்டிருப்பான். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து உக்காந்து டாக்டர்கிட்ட பிள்ளையைப் பத்திப் பேசும்போது உன்ஸர் ஸோன், உன்ஸரெ டொஹ்டர்னு சொல்றது ரொம்ப இயல்பு. தனியா போனாலும் பிள்ளையைப் பத்தி உன்ஸர்னு சொல்லலாம், ஏன்னா பிள்ளை ரெண்டு பேரோடது. புருஷனைத்தான் சொல்லக்கூடாது.

உங்க-வும் இதே மாதிரி ரெண்டாப் பிரியும். தமிழ்ல மாமியாரைப் பார்த்து உங்க தங்கச்சிம்போம், ரெண்டு தோழிகளைப் பார்த்தும் உங்க வீடும்போம். ஜெர்மன்ல மரியாதைக்குரிய ஒருத்தர்னா ஈர், நெருக்கமான பல பேர்னா ஒயர். ஆபீஸ்ல, டாக்டர்கிட்ட, பிள்ளையோட டீச்சர்கிட்ட ஈர்ல ஆரம்பிங்க. அவங்களே "நீ வா போன்னு பேசலாமே"ன்னு சொன்னதுக்கப்புறம் டைனுக்கு இறங்குங்க.

அப்புறம் வால்: என்னது, யாரு?

இப்பத்தான் நமக்குப் புதுசான கேள்வி வருது. தமிழ்ல அவனோட அப்பா, அவனோட அம்மா, அவனோட பிள்ளைங்க, மூணுலயும் "அவனோட" அசையவே அசையாது. ஜெர்மன்ல பின்னாடி வர்ற ஆளைப் பார்த்து வால் மாறும். ஃபாட்டர் மாதிரி ஆண்பால் வார்த்தை வந்தா வால் இல்ல, ஸைன் ஃபாட்டர். கின்ட் மாதிரி ரெண்டும் இல்லாத பால் வந்தாலும் வால் இல்ல, ஸைன் கின்ட். முட்டர் மாதிரி பெண்பால் வந்தா ஒரு எ வால், ஸைனெ முட்டர். ஒண்ணுக்கு மேல போனாலும் அதே எ வால், ஸைனெ கின்டர், ஸைனெ எல்டர்ன்.

குடும்ப வார்த்தைல ஆரம்பிக்கச் சொல்றது இதுக்குத்தான். மேஜை ஆணா பெண்ணான்னு ஜெர்மன்ல மண்டையை உடைக்கணும், ஆனா அண்ணன் ஆண், அக்கா பெண், இதுல குழப்பம் வராது. விதிவிலக்குன்னு பார்த்தா கின்ட், பேபி, பொண்ணுன்னு அர்த்தம் வர்ற மேட்ஷென், இந்த மூணும் ஆணும் பெண்ணும் இல்லாத பால், அதாவது முன்னாடி "டாஸ்" போடுற டாஸ் கூட்டம், வால் கிடையாது. அப்புறம் ஃபமீலியெ பெண்பால், வீட்ல அத்தனை பேரும் ஆம்பளையா இருந்தாலும் மைனெ ஃபமீலியெதான். எல்டர்ன், அதாவது அப்பா அம்மா சேர்த்து, எப்பவும் பன்மை. கெஷ்விஸ்டர், அதாவது கூடப்பொறந்தவங்க, அதுவும் பன்மை. ரெண்டுக்கும் எ வால் கட்டாயம்.

ஒயர் மட்டும் வால் வரும்போது நடுவுல ஒரு எ-வை விழுங்கிடும், ஒய்ரெ முட்டர். உன்ஸர்ல கடைசில வர்ற "அர்" வால் இல்ல, அது தலையோட பாகம், அதைப் பார்த்துட்டு வால் போட்டாச்சுன்னு நினைச்சு "உன்ஸர் முட்டர்"னு விட்டுடுவாங்க, அங்க உன்ஸரெ முட்டர்னு வரணும்.

ரெண்டையும் சேர்க்கிற இடத்துலதான் விழுவோம்

அவனோட மனைவி. அவளோட புருஷன். இந்த ரெண்டையும் பேப்பர்ல எழுதிப் பாருங்க. நான் சொல்லிக் குடுத்தவங்கள்ல பாதிப் பேர் மொத தடவை "ஸைன் ஃப்ராவ்", "ஈரெ மான்"னு எழுதுவாங்க. காரணம் புரியக்கூடியதுதான், அவன் ஆம்பளை, அதனால வால் வேணாம்னும் அவ பொம்பளை, அதனால எ போடணும்னும் மனசு ஓடுது. உடமைக்காரரைப் பார்த்து தலையை எடுத்தாச்சு, திரும்பவும் அவரையே பார்த்து வாலையும் போடுறோம்.

அப்படி இல்லைங்க. தலையை எடுத்த உடனே உடமைக்காரரை மறந்துடணும், கண்ணை அடுத்த வார்த்தைக்கு நகர்த்தணும். அவனோட, ஸைன். முடிஞ்சுது. இப்ப யாரு வர்றா? மனைவி, பெண்பால். எ. ஸைனெ ஃப்ராவ். அவளோட, ஈர். யாரு வர்றா? புருஷன், ஆண்பால். வால் இல்ல. ஈர் மான்.

ஒரு பொண்ணு என்கிட்ட இதை விரலை வச்சுப் பழகினா, ரொம்ப உதவுச்சுன்னு சொன்னா. குடும்ப போட்டோ ஒண்ணுல இடது கை விரலை உடமைக்காரர் மேல வைப்பா, தலையைச் சொல்லுவா. அப்புறம் வலது கை விரலைச் சொந்தக்காரர் மேல வைப்பா, வாலைச் சொல்லுவா. ரெண்டு வாரத்துல விரல் தேவைப்படல.

மேட்ஷென் பத்தி ஒரு சின்னக் குறிப்பு. பொண்ணா இருந்தாலும் அது டாஸ் கூட்டம்ங்குறதால "அந்தப் பொண்ணும் அதோட அம்மாவும்"னு சொல்ல இலக்கணப்படி ஸைனெ முட்டர்தான் வரணும். பேச்சுல ஜெர்மன்காரங்களே ஈரெ முட்டர்னு சொல்லிடுவாங்க. பரீட்சைல ஸைனெ எழுதுங்க, தெருவுல எது கேட்டாலும் ஆச்சரியப்படாதீங்க.

வால் நீளுற நேரம்

இதுவரைக்கும் "இவர் என் அப்பா", "என் அப்பா டீச்சர்" மாதிரி வாக்கியம். அந்த ஆளுக்கு ஏதாச்சும் நடக்குறப்ப, அதாவது அப்பாவைப் பார்க்குறேன், தம்பியைக் கூப்பிடுறேன்னு தமிழ்ல ஐ வர்ற இடத்துல, ஆண்பாலுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு "என்" வால் வந்துரும். மைன் ஃபாட்டர் மைனென் ஃபாட்டரா மாறும். பெண்பால், பன்மை, கின்ட் எதுவும் மாறாது. அதனால பார்த்தா ஒரே ஒரு மாற்றம்தான் படிக்கணும்.

கின்டர்கார்டன்ல தினம் பயன்படுற வாக்கியம் ஒண்ணை அப்படியே மனப்பாடம் பண்ணிக்குங்க: "ஹொய்டெ ஹோல்ட் மைனெ ஷ்வேகெரின் மைனென் ஸோன் ஆப்." இன்னைக்கு என் நாத்தனார் என் பையனைக் கூட்டிட்டுப் போவாங்க. கூட்டிட்டுப் போறவங்க மைனெ, கூட்டிட்டுப் போகப்படுற பையன் மைனென். ஒரே வாக்கியத்துல ரெண்டு வாலும் இருக்கு, இதை வச்சு ஆளை மாத்தி மாத்தி நூறு வாக்கியம் சொல்லலாம்.

இங்க தமிழ் நம்மளை ஏமாத்துற ரெண்டு வினைச்சொல் இருக்கு. அப்பா-வுக்கு போன் பண்றேன், இதுல கு இருக்கு. ஜெர்மன்ல அந்த கு கிடையாது, போன் பண்றதும் ஐ மாதிரிதான்: "இஹ் ரூஃபெ மைனென் ஃபாட்டர் ஆன்." அண்ணன்-கிட்ட கேக்குறேன், இதுல கிட்ட இருக்கு. அங்க அதுவும் இல்ல: "இஹ் ஃப்ராகெ மைனென் ப்ரூடர்." இந்த ரெண்டையும் தனியா ஒரு சீட்டுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, கு பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது.

ஆனா பல இடத்துல இந்த கு-வே நமக்குப் பெரிய துணை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல"ன்னு நாம சொல்ற மாதிரியே ஜெர்மன்லயும் அம்மா-வுக்குன்னுதான் ஆரம்பிக்கும்: "மைனெர் முட்டர் கேட் எஸ் நிஹ்ட் கூட்." இதை மொத தடவை கேட்டப்ப சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு. இந்த கு வேற்றுமைல பெண்பாலுக்கு எர் வால், மைனெர் முட்டர். ஆண்பாலுக்கும் கின்ட் கூட்டத்துக்கும் எம் வால், மைனெம் ஃபாட்டர், மைனெம் கின்ட். பன்மைக்கு என் வால், கூடவே பின்னாடி வர்ற வார்த்தைக்கும் ஒரு ன் ஒட்டணும், கின்டர் கின்டர்ன் ஆகும், மைனென் கின்டர்ன். எல்டர்ன்ல ஏற்கெனவே ன் இருக்கு, அதை அப்படியே விட்டுடலாம்.

உதவி பண்றதும் நம்ம மாதிரியே கு: "இஹ் ஹெல்ஃபெ மைனெம் ஃபாட்டர்." அப்புறம் மிட், பை, ஃபொன், ட்ஸூ இந்த நாலு சின்ன வார்த்தை வந்தா கண்ணை மூடிக்கிட்டு இதே வால். புருஷன்கூட இருக்கேன், மிட் மைனெம் மான். அப்பா அம்மா வீட்ல இருக்கேன், பை மைனென் எல்டர்ன். அக்கா வீட்டுக்குப் போறேன், ட்ஸூ மைனெர் ஷ்வெஸ்டர். ஃப்யூர் ("-க்காக"), ஓனெ ("இல்லாம") ரெண்டும் வந்தா மட்டும் பழைய ஐ வால், புருஷனுக்காகன்னா ஃப்யூர் மைனென் மான்.

பேசும்போது மைனென், மைனெம் ரெண்டும் ஜெர்மன்காரங்க வாய்ல "மைன்ன்", "மைன்ம்"னு சுருங்கிடும். கடைசில உதடு ஒட்டுதா இல்லையான்னு பாருங்க, ஒட்டினா எம். நீங்க பேசும்போது சுருக்க வேணாம், முழுசா சொல்லுங்க.

இதுல தினமும் வேணும்ங்குற ஒண்ணைச் சொல்லிடறேன். வயசான பக்கத்து வீட்டுக்காரங்க "வீ கேட் எஸ் ஈரெர் முட்டர்?"னு கேப்பாங்க, ஊர்ல இருக்குற உங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு. பதில் "மைனெர் முட்டர் கேட் எஸ் கூட், டாங்கெ." கேள்வில எர் வந்தா பதில்லயும் எர், அதே வாலைப் பிடிச்சுக்கிட்டு தலையை மட்டும் மாத்துங்க. யாரையாச்சும் இழந்தவங்களுக்கு இந்தக் கேள்வி வந்தா என்ன சொல்றதுன்னு தெரியாம திணறிடுவாங்க, அதனால இதையும் முன்கூட்டியே கத்துக்கிறது நல்லது: "மைன் ஃபாட்டர் லேப்ட் நிஹ்ட் மேர்", அப்பா இப்ப இல்ல. அதுக்கு மேல விளக்கம் சொல்லத் தேவையில்ல, எதிர்ல இருக்குறவங்க புரிஞ்சுப்பாங்க.

நம்ம சொந்தத்தை எந்தப் பேருக்குள்ள அடைக்குறது?

பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர் எல்லாரும் ஜெர்மன்ல ஒரே ஒங்கெல். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லாரும் ஒரே டான்டெ. நமக்கு மனசே ஆறாது. ஆனா ஜெர்மன்லயும் ஒரு காலத்துல நம்மளை மாதிரியே பிரிச்சு வச்சிருந்தாங்கங்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அம்மாவோட அண்ணன் தம்பி ஓஹைம், அம்மாவோட அக்கா தங்கச்சி மூமெ, அப்பாவோட கூடப்பொறந்த ஆண் ஃபெட்டர், பெண் பாஸெ. அப்புறம் பிரெஞ்சுல இருந்து ஒங்கெலும் டான்டெயும் வந்து அத்தனையையும் ஓரம்கட்டிடுச்சு. ஃபெட்டர் மட்டும் அர்த்தம் மாறி இப்பவும் பெரியப்பா, மாமா பையனுக்குப் பேரா இருக்கு, பேச்சுல குஸாங்னுதான் அதிகம் கேப்பீங்க.

சித்தின்னு துல்லியமா சொல்லியே ஆகணும்னா "டீ ஷ்வெஸ்டர் மைனெர் முட்டர்", என் அம்மாவோட சகோதரி. கொழுந்தனார்னா "டேர் ப்ரூடர் மைனெஸ் மானெஸ்", இங்க ஆண்பாலுக்கு எஸ் வால். இது கஷ்டமா இருந்தா பேச்சு வழக்குல "ஃபொன் மைனெம் மான்"னு சொல்லிக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அண்ணனையும் தம்பியையும் பிரிக்க மைன் க்ரோஸெர் ப்ரூடர், மைன் க்ளைனெர் ப்ரூடர், அக்கா தங்கச்சிக்கு மைனெ க்ரோஸெ ஷ்வெஸ்டர், மைனெ க்ளைனெ ஷ்வெஸ்டர். இப்போதைக்கு ஏன் எதுக்குன்னு ஆராயாம ஒரே கட்டா மனப்பாடம் பண்ணிக்குங்க.

ஆபீஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பெரியப்பா பையனை நாம அண்ணன்னுதான் சொல்லுவோம், அது பொய் கிடையாது, நம்ம முறை அது. ஆனா விசா ஃபார்ம்ல, அழைப்புக் கடிதத்துல, முனிசிபல் ஆபீஸ் கவுன்ட்டர்ல மைன் ப்ரூடர்னா ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவர்னு எடுத்துப்பாங்க, அப்புறம் டாக்குமென்ட்ல அப்பா பேர் வேறயா இருந்தா கேள்வி மேல கேள்வி வரும். அங்க மைன் குஸாங்னே சொல்லுங்க. அதே மாதிரி அத்தைன்னு நாம கூப்பிடுற மாமியார் அங்க டான்டெ ஆகமாட்டாங்க, மைனெ ஷ்வீகர்முட்டர்.

இன்னொண்ணு, இது குடும்பம் இல்லாட்டியும் குடும்பத்தைக் கலக்கக்கூடியது. கல்யாணம் ஆன ஒரு பொண்ணு "மைன் ஃப்ராய்ன்ட்"னு சொன்னா அது காதலன்னுதான் அர்த்தமாகும், ஆம்பளை "மைனெ ஃப்ராய்ன்டின்"னு சொன்னா காதலி. வெறும் நட்புன்னா "ஐன் ஃப்ராய்ன்ட் ஃபொன் மிர்", "ஐனெ ஃப்ராய்ன்டின் ஃபொன் மிர்". என்னோட நண்பர்கள்ல ஒருத்தர்ங்குற மாதிரி.

எப்படிப் பழகுறது

புருஷன் அல்லது மனைவிகிட்ட சேர்றதுக்காக விசா எடுக்குறவங்க நெறைய பேருக்கு 2007-ல இருந்து ஏ1, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன் சர்டிஃபிகேட் கேக்குறாங்க, அதனால சென்னை மாக்ஸ் முல்லர் பவன்ல (கோதே இன்ஸ்டிடியூட்) பரீட்சை எழுதிட்டு வர்றவங்க இதைப் படிப்பீங்கன்னு நினைக்கிறேன். 100-க்கு 60 எடுத்தா பாஸ். பேசுற பகுதில மொதல்ல பேர், வயசு, நாடு, ஊர், மொழி, தொழில், பொழுதுபோக்குன்னு உங்களைப் பத்தி சொல்லணும். அங்க குடும்பத்தைப் பத்தி ரெண்டு வாக்கியம் சேர்த்தா நல்லாவே இருக்கும், "இஹ் வோனெ பை மைனென் எல்டர்ன்", "மைன் மான் ஆர்பைடெட் இன் டொய்ச்லான்ட்" மாதிரி. எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு சொல்ல "எனக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, இங்க கு வேலைக்கு ஆகாது, "இஹ் ஹாபெ ஐனென் ப்ரூடர்". கூடப்பொறந்தவங்க யாரும் இல்லைன்னா "இஹ் ஹாபெ கைனெ கெஷ்விஸ்டர்."

டேபிள் முழுசையும் ஒரே நாள்ல படிக்காதீங்க. மொத வாரம் மைன், மைனெ மட்டும், வேற எதுவும் வேணாம். ரெண்டாவது வாரம் ஸைன், ஈர். அது வாய்ல தடுமாறாம வந்தப்புறம் மைனென். கு வேற்றுமையை டேபிளாப் படிக்காம "மிட் மைனெம் மான்", "மைனெர் முட்டர் கேட் எஸ் கூட்"னு முழு வாக்கியமாவே எடுத்துக்குங்க.

என் அனுபவத்துல நல்லா வேலை செஞ்ச முறை கல்யாண ஆல்பம்தான். நம்ம கல்யாண குரூப் போட்டோ ஒண்ணு எடுத்தா ஒரே மேடையில முப்பது நாப்பது பேர் நிப்பாங்க, இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைக்காது. இடது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா விரலை வைங்க. டாஸ் இஸ்ட் மைன் ஒங்கெல். டாஸ் இஸ்ட் ஸைனெ ஃப்ராவ். டாஸ் ஸின்ட் ஈரெ கின்டர். கவனிச்சீங்களா, மாமா வந்தாரு மைன், அவரோட மனைவி வந்தாங்க ஸைனெ, அவங்க ரெண்டு பேரோட பிள்ளைங்க வந்தாங்க ஈரெ. மூணு ஆளுக்குள்ள மூணு தலை, ரெண்டு எ வால். பன்மை வரும்போது இஸ்ட் போய் ஸின்ட் வரணும்ங்குறதும் கூடவே பழகிடும். அடுத்த நாள் அதே போட்டோ, ஆனா மணப்பொண்ணு பக்கத்துல இருந்து பேசணும்: அவளோட அப்பா, ஈர் ஃபாட்டர், அவளோட அம்மா, ஈரெ முட்டர், அவளோட அண்ணன் தம்பிங்க, ஈரெ ப்ரூய்டர். மூணாவது நாள் மாப்பிள்ளை பக்கம், எல்லாத் தலையும் ஸைன்.

நாலாவது நாள் ஆல்பத்தைக் கூடப் படிக்கிறவங்க கைல குடுத்துடுங்க. இப்ப விரல் அவங்களோடது, கேள்வியும் அவங்களோடது. சேலை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டு ரெண்டாவது வரிசைல நிக்கிற அம்மா மேல விரலை வச்சு "இஸ்ட் டாஸ் ஈரெ டான்டெ?"ன்னு கேப்பாங்க. நீங்க அத்தைன்னு கூப்பிடுறவங்கதான், ஆனா யோசிச்சு சொல்லுங்க: "நைன், டாஸ் இஸ்ட் மைனெ ஷ்வீகர்முட்டர்."